சிரித்துப் பேசும் வில்லன்!

முறுக்கு மீசை, உருட்டு விழி, அதட்டல் குரல்! வில்லன் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டுமா?

இல்லை. சிரித்துப் பேசும் வில்லன்தான் பொல்லாதவன்!

செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதிக்குப் பெயர் பெற்ற சேலம், அப்படி ஒரு வில்லனையும் தமிழருக்குத் தந்தது.

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-ம் ஆண்டில் எடுத்த படம் "மந்திரிகுமாரி". வசனம், மு.கருணாநிதி. கதாநாயகன், எம்.ஜி.ஆர். வில்லன் பார்த்திபனாக எஸ்.ஏ.நடராஜன் நடித்தார். அவன் ராஜகுருவின் மகன். ரகசியமாகக் கொள்ளையும் அடிப்பவன்.

மலை உச்சியில்...

மனைவி அமுதவல்லியை அவன் அடிக்கவில்லை, திட்டவில்லை. இனிக்க இனிக்கப் பாட்டுப் பாடி மலை உச்சிக்கு அழைத்துப் போகிறான். எதற்கு? கீழே தள்ளிக் கொல்ல!

உச்சியில்தான் அவளுக்கு உண்மை தெரிகிறது. சாகுமுன் கணவனை மூன்று முறை வலம் வர அனுமதி கேட்கிறாள். அவனும் சம்மதிக்கிறான். வலம் வந்தவள், அவனையே தள்ளிவிடுகிறாள்!

பழைய கதை

இந்தக் கட்டம், ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான "குண்டலகேசி"யின் கதை. அந்த நூலில் நமக்குக் கிடைத்தவை சில பாடல்களே. கதை மட்டும் அழியவில்லை.

இவனைப் போல ஒருவன் இங்கிலாந்திலும் உண்டு. வில்கி காலின்ஸ் 1859-ல் தொடங்கிய "வெள்ளை உடைப் பெண்" தொடர்கதையில் வரும் பாஸ்கோ பிரபு, வெள்ளை எலிகளைக் கொஞ்சுவான். ஒரு பெண்ணின் சொத்தைப் பறிக்கச் சதியும் செய்வான்!

அதட்டுகிறவனிடம் எல்லோரும் உஷாராக இருப்பார்கள். இனிக்கப் பேசுகிறவனிடம்தான் ஏமாறுவார்கள்.