மலைப்பிள்ளைகள் – 9: ‘சார், அடிஷனல்!’

மேல்மலைப் பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு பஸ்ஸிலேயே தொடங்கிவிடுகிறது. கொடைக்கானலுக்கு மேற்கே கூக்கால், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று விரிந்து கிடக்கும் ஊர்களில் ஒரு பஸ்ஸை விட்டால் விட்டதுதான். பங்குனி பிறந்தும் காலைக் குளிரில் விரல் மடங்காது. வளைவுகளில் குமட்டும் என்று ஒரு கையில் எலுமிச்சம்பழம், மறு கையில் ஒரு மார்க் கேள்விகள். இரண்டு சீட் தள்ளி ஓர் ஆசிரியை உட்கார்ந்திருப்பார். அவர் வேறு பள்ளிக்காரர். தேர்வுக்காக இங்கே அனுப்பப்பட்டவர். இந்தப் பிள்ளைகளின் அறைக்கே அவர் கண்காணிப்பாளராக வரலாம். எந்த அறை என்பது அவருக்கே தெரியாது. மையத்துக்குப் போனபிறகு குலுக்கல் போட்டுத்தான் சொல்வார்கள்.

தேர்வு நாளில் மாணவரைச் சந்தேகிக்கிறோம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதே அளவு ஆசிரியரையும் சந்தேகிக்கிறோம். சொந்தப் பள்ளியில் பணி இல்லை. அவர் நடத்தும் பாடத்துக்குத் தேர்வென்றால் அன்று அறைப்பக்கமே வரக்கூடாது. செல்போனை வெளியே வைத்துவிட வேண்டும். வினாத்தாள் உறையைப் பிரிக்குமுன், முத்திரை கலையவில்லை என்று இரண்டு மாணவர்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும். வருஷமெல்லாம் ‘கையைக் கட்டு’ என்று சொன்னவர், பதினைந்து வயதுப் பிள்ளையிடம் தன் நாணயத்துக்குச் சான்று வாங்குகிறார். இந்த விதிகள் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். வினாத்தாள் வெளியான கதைகள் நம்மிடம் நிறைய உண்டு. ஆனால், இத்தனை சந்தேகத்தையும் சுமந்துகொண்டு அறைக்குள் நுழைகிறவரின் முகத்தைத்தான் இருபது பிள்ளைகள் முதலில் பார்க்கிறார்கள்.

பத்து மணிக்கு வினாத்தாள். படிக்கப் பத்து நிமிஷம், விவரங்களைச் சரிபார்க்க ஐந்து நிமிஷம். பத்தேகாலுக்கு எழுதத் தொடங்கினால் ஒன்றேகால் வரை.

முதல் ஒரு மணி நேரம் பேனாச் சத்தம் மட்டும்தான். பிறகு எங்கிருந்தோ ஒரு குரல் எழும்: “சார், அடிஷனல்!” கூடுதல் தாள் கேட்கும் அந்த ஒற்றைச் சொல்லுக்கு அறையே நிமிரும். ‘அதற்குள்ளா?’ என்று மற்ற பத்தொன்பது பேரும் தங்கள் தாளில் மிச்சமிருக்கும் பக்கங்களைப் புரட்டிப் பார்ப்பார்கள். கேட்டவள் பெரிய எழுத்தில் இடம்விட்டு எழுதுகிறவளாகவும் இருக்கலாம். அது யாருக்கும் தோன்றாது. அடுத்த கால் மணி நேரம் பலருக்குக் கை ஓடாது.

கண்காணிப்பாளருக்கு இதெல்லாம் தெரியும். கணக்கில் கூட்டல் குறி கழித்தலாக மாறியிருப்பது, ஒரு பையன் கேள்வி எண்ணையே தப்பாகப் போட்டிருப்பது எல்லாம் நடந்துபோகும்போதே கண்ணில் படும். சொல்லக் கூடாது. சொல்லிக்கொடுத்தே பழகிய வாய்க்கு அந்த மூன்று மணி நேரம் பெரிய தண்டனை. மனமுடைந்த பிள்ளை எழுதியதையெல்லாம் குறுக்கே அடிக்கத் தொடங்கினால் நிலைமை இன்னும் மோசம். விடைகளைத் தானே முழுவதும் அடித்துவிட்டால் முடிவை நிறுத்திவைப்பார்கள். அடுத்த இரண்டு பருவங்களும் எழுத முடியாது. அந்த நேரத்தில் மேசைப்பக்கம் போய் “தண்ணி குடிக்கிறியாப்பா?” என்று கேட்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். எந்தச் சுற்றறிக்கையும் அவர்களுக்கு அதைக் கற்றுத் தந்ததில்லை.

மேல்மலையில் பறக்கும் படையால் பறந்து வர முடியாது என்பது ஒரு சின்ன ஆறுதல். ஜீப் இரண்டு வளைவு கீழே வரும்போதே காதில் விழும். தப்பேதும் செய்யாதவர்கூடச் சட்டையைச் சரிசெய்துகொள்வார்.

மலையடிவாரத்தில் பழனிப் பிள்ளைகளின் பாடு வேறு. 2025-இல் பத்தாம் வகுப்பு அறிவியல் தேர்வு ஏப்ரல் 11. அன்றுதான் பங்குனி உத்திரமும். கொடுமுடியிலிருந்து காவிரித் தீர்த்தத்தோடு நடந்துவரும் கூட்டம், காவடி, மேளம், அரோகரா என்று ஊரே தெருவில் நிற்கும் நாள் அது. வீட்டுக்கு வந்திறங்கும் உறவுக்காரர் ஒவ்வொருவரும் “நல்லா படிச்சிட்டியா சாமி?” என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அவ்வளவு அக்கறையையும் தாங்கிக்கொண்டு மின்சுற்றுக் கணக்குப் போட வேண்டும்.

பயந்த மாணவர் பேசுவதற்கு 104 இருக்கிறது, 14417 இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். கண்காணிப்பாளருக்கு அப்படி ஒரு எண் இல்லை. அவருடைய பெரிய பயம் காப்பியடிப்பதைப் பற்றியதல்ல, எண்ணிக்கையைப் பற்றியது. ஒன்றேகால் மணி அடித்ததும் பிள்ளைகள் வாசலில் நின்று விடைகளை ஒப்பிட்டு அடுத்த கலக்கத்தைத் தொடங்கிவிடுவார்கள். உள்ளே அவர் வரிசை எண்படி தாள்களை அடுக்கி எண்ணுவார், வராதவர் எண்ணிக்கையைக் கழிப்பார், மறுபடி எண்ணுவார். ஒரு தாள் குறைந்தால் வேலைக்கே ஆபத்து. பதினெட்டு தாள், வராதவர் இரண்டு என்று கணக்கு நேராகி, கட்டை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டபிறகுதான் காலையில் கட்டிக்கொண்டு வந்த தயிர்சாதம் அவர் நினைவுக்கு வரும்.

(தொடரும்)

அடுத்த வாரம்: விடைத்தாள் திருத்தும் முகாம்