ராட்சத ராட்டினத்தில் ஏறும் முன்

சித்திரை மாதம் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்குப் போய் ராட்டினம் ஏறாத சிறுவர்களைக் கம்பம் பள்ளத்தாக்கில் காண்பது அரிது. ராட்டினம் உச்சிக்குப் போய்க் கீழே இறங்கும்போது அடிவயிற்றில் ஏதோ நழுவுவது போன்ற ஓர் உணர்வு தோன்றுமே, அதை நீங்களும் அனுபவித்திருப்பீர்கள். இந்த உணர்வைப் பல மடங்காக்கித் தருவதற்கென்றே அமைந்தவை இன்றைய பெரிய கேளிக்கைப் பூங்காக்கள். அவற்றுள் ஒன்று கொச்சிக்கு அருகே பள்ளிக்கரையில் உள்ளது. 2000-ஆம் ஆண்டில் ‘வீகாலாண்ட்’ என்ற பெயரில் தொடங்கிய அது, இப்போது ‘வொண்டர்லா’ என்று அழைக்கப்படுகிறது.

அனுமந்தன்பட்டியில் ஒரு குடும்பம் இருப்பதாகக் கொள்வோம். தாய், தந்தை, அப்பத்தா, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள், ஐந்து வயது மகன் என ஐந்து பேர். திராட்சை விற்ற பணத்தில் சிறிது ஒதுக்கி வைத்து, முதன்முறையாக அந்தப் பூங்காவுக்குப் புறப்படுகிறார்கள். மறுமுறை போக எத்தனை ஆண்டுகள் ஆகுமோ! அந்த ஒரு நாளைக் கெடுக்கக் கூடியவை மூன்று. மலைப்பாதை, வரிசை, தகாத இருக்கை ஆகியவையே அவை. மூன்றையும் சமாளிக்கும் வழியை அறிவியல் சொல்கிறது.

மலைப்பாதை

லோயர் கேம்ப்பைத் தாண்டியதும் குமுளி மலைப்பாதை தொடங்கிவிடும். அங்கே பேருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் ஏறுகிறது. இந்த ஏற்றத்தில் காற்றழுத்தம் சுமார் 5 விழுக்காடு குறைகிறது. செவிப்பறைக்கு உள்ளே அடைபட்ட காற்று வெளியேற வழி தேடுவதால்தான் காதில் ‘பொட்’டென்று ஓசை கேட்கிறது. குட்டிக்கானத்தைக் கடந்து முண்டக்கயத்தை நோக்கி இறங்கும்போது இதற்கு நேர்மாறாக வெளியழுத்தம் கூடுகிறது. நடுச்செவியையும் தொண்டையையும் இணைக்கும் குழாய், காற்றை வெளியே விடுவதைப் போல அவ்வளவு எளிதாக உள்ளே விடுவதில்லை. ஆகவே இறக்கத்தில்தான் காது அதிகமாக அடைக்கும். எச்சிலை விழுங்கினால் அக்குழாய் திறக்கும். சிறுவன் வாயில் ஒரு புளிப்பு மிட்டாய் இருந்தால் அவன் தானாகவே விழுங்கிக்கொண்டிருப்பான்.

குமட்டலுக்குக் காரணம் வேறு. உட்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. அவற்றிலுள்ள திரவம் ஒவ்வொரு வளைவிலும் அசைந்து, ‘உடல் திரும்புகிறது’ என்று மூளைக்குச் சொல்கிறது. கண்களோ முன் இருக்கையின் முதுகையோ கைப்பேசியையோ பார்த்துக்கொண்டு, ‘எதுவும் அசையவில்லை’ என்கின்றன. இந்த முரண்பாடே வாந்தியாக முடிகிறது. பாதையைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவதால் ஓட்டுநருக்கு இத்தொல்லை பெரும்பாலும் வருவதில்லை. முன்பக்கம் அமர்ந்து, தொலைவில் உள்ள மலைமுகட்டைப் பாருங்கள். புறப்படும் முன் வயிறு புடைக்க உண்ண வேண்டாம்.

பயணமே அரை நாளை விழுங்கிவிடும் என்பதால், முதல் நாள் மாலையே போய்ச் சேர்ந்து, இரவு தங்கி, காலையில் வாயில் திறக்கும்போது அங்கே நிற்பது நல்லது. ஏன் காலையில்? இதற்கு விடை வரிசைக் கணக்கில் இருக்கிறது.

வரிசைக் கணக்கு

வரிசைகளைக் கணித முறையில் முதலில் ஆராய்ந்தவர்களுள் ஒருவர் டென்மார்க் நாட்டின் எர்லாங். தொலைபேசி நிலையத்துக்கு வரும் அழைப்புகள் எவ்வளவு நேரம் காத்திருக்க நேரும் என்பது குறித்து 1909-இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். 1961-இல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்கர் எளிய விதி ஒன்றை நிறுவினார். வரிசையில் நிற்போர் எண்ணிக்கையை, ஒரு நிமிடத்தில் உள்ளே போவோர் எண்ணிக்கையால் வகுத்தால் காத்திருக்கும் நேரம் கிடைக்கும் என்பதே அது.

ஊசலாடும் கப்பல் ஒன்றில் 40 இருக்கைகள் இருப்பதாகவும், ஏறி, ஆடி, இறங்க 5 நிமிடம் ஆவதாகவும் கொள்வோம். நிமிடத்துக்கு 8 பேர் போகிறார்கள். வரிசையில் 320 பேர் நின்றால் 40 நிமிடம் காத்திருக்க வேண்டும். காலையில் 80 பேர் மட்டும் நின்றால் பத்தே நிமிடம் போதும். ஆட்டம் அதேதான், மிச்சமாவது அரை மணி நேரம்!

நாள் முழுவதற்கும் இப்படிக் கணக்கிடலாம். எட்டு மணி நேரம் என்பது 480 நிமிடம். உணவு, உடை மாற்றுதல், நடை, இளைப்பாறல் ஆகியவற்றுக்கு 180 நிமிடம் போனால் எஞ்சுவது 300. ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 30 நிமிடம் என்றால் பத்து ஆட்டங்கள்தாம் கிடைக்கும். எல்லாவற்றிலும் ஏறிவிட வேண்டும் என்று ஓடுகிறவர்கள் களைப்பைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். ஆகவே ஒவ்வொருவரும் தமக்கு மிகவும் விருப்பமான இரண்டை முன்பே சொல்லிவிட வேண்டும். ஒரு தடவைக்குச் சிலரை மட்டுமே ஏற்றும் ஆட்டங்களுக்குக் காலையிலேயே போய்விட வேண்டும். அலைக்குளம் போன்று நூற்றுக்கணக்கானோரை ஒரே நேரத்தில் ஏற்கும் இடங்களைப் பிற்பகலுக்கு ஒதுக்கலாம்.

தகாத இருக்கை

இனி, எல்லாவற்றிலும் முக்கியமான செய்தி. பெரிய ஆட்டங்களின் முன்னால் ஓர் அளவுப் பலகை நிற்கும். இத்தனை சென்டிமீட்டர் உயரம் இல்லாதவர்கள் ஏறக் கூடாது என்பது விதி. நம் ஐந்து வயதுத் தம்பி அழுவான். ‘காலணியைச் சற்று உயர்த்திக் காட்டி ஏற்றிவிடலாமே’ என்று யாராவது யோசனை சொல்லலாம். அந்த யோசனையை ஏற்கவே கூடாது. காரணத்தைப் பாருங்கள்.

மலை ரயில் போன்ற ஓர் ஆட்டத்தில் பெட்டி 20 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால், நிலையாற்றல் இயக்க ஆற்றலாக மாறி, உராய்வைக் கணக்கில் கொள்ளாவிட்டால், அடியில் வேகம் நொடிக்கு 20 மீட்டர் ஆகும். அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர். அடுத்து ஒரு சிறிய மேடு வருகிறது. அதன் வளைவின் ஆரம் 10 மீட்டர் என்று கொள்வோம். மேட்டின் உச்சியில் வேகம் நொடிக்கு 10 மீட்டராக இருந்தால், வளைந்து செல்லத் தேவையான முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சரியாகிவிடுகிறது. அங்கே உங்கள் எடை உங்களுக்கே தெரியாது. வேகம் 12 மீட்டரானால் தேவைப்படும் முடுக்கம் அதைப்போல் 1.44 மடங்கு. புவியீர்ப்பு மட்டும் போதாது. பெட்டி தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு கீழே வளையும். உடலோ நிலைமத்தால் நேராகச் செல்ல முயன்று இருக்கையை விட்டு எழும். அப்போது கீழே இழுத்துப் பிடிப்பது தொடைமேல் படியும் தடுப்புக் கம்பி ஒன்றே.

ஒரு வரிசைக்கு ஒரே கம்பி உள்ள ஆட்டங்களில், அப்பாவின் தொடையில் பட்டு நிற்கும் கம்பிக்கும், பக்கத்தில் அமர்ந்த சிறுவனின் தொடைக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கும். அந்த இடைவெளி அவன் வெளியே நழுவப் போதும். அப்பாவின் கைப்பிடி அதற்கு ஈடாகாது. அளவுப் பலகை ஓர் உயிரைக் காக்க நிற்கிறது.

அப்பத்தாவின் நிலை என்ன? ஊசற்கப்பல் 60 பாகைவரை சாய்ந்து இறங்கினால் அடியில் எடை இரு மடங்காகத் தெரியும்; 90 பாகை என்றால் மூன்று மடங்கு. உடலிலுள்ள குருதிக்கும் அதே கதிதான். கால்களில் தேங்கும் குருதியை மேலே தள்ள இதயம் மிகவும் பாடுபட வேண்டும். ஆகவே இதய நோய், இரத்த அழுத்தம், கழுத்து வலி, முதுகு வலி உள்ளவர்களும் கருவுற்றோரும் இவற்றைத் தவிர்க்க வேண்டும். மெதுவாகச் சுழலும் ராட்டினத்திலோ சிறுவர் ரயிலிலோ அப்பத்தாவும் பேரனும் சேர்ந்து ஏறலாம். பெற்றோரில் ஒருவர் அவர்களோடு இருக்க, மற்றவர் மகளோடு போகலாம்.

இத்தகைய கணக்குகளைப் புறக்கணித்தால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றுச் சான்று உண்டு. 1895-இல் நியூயார்க்கின் கோனி தீவில், செங்குத்தான முழு வட்டத்தில் சுழலும் ‘ஃபிளிப் ஃபிளாப்’ என்ற ரயில் ஓடியது. முழு வட்டப் பாதையை விழாமல் சுற்றி வர வேண்டுமானால், அடியில் எடை குறைந்தது ஆறு மடங்காகியே தீரும். பயணிகளுக்குக் கழுத்து வலி வந்ததில் வியப்பில்லை. 1976-இல் கலிபோர்னியாவில் வெர்னர் ஸ்டெங்கல் என்ற ஜெர்மன் பொறியாளர், அடியில் அகன்றும் உச்சியில் குறுகியும் இருக்கும் நீர்த்துளி வடிவ வளையத்தைப் பயன்படுத்தினார். ஆரம் பெரிதாக இருக்கும் இடத்தில் விசை குறைவு என்பதே இதிலுள்ள நுட்பம்.

செய்து பாருங்கள்

ஒரு சிறு வாளியில் பாதியளவு நீர் எடுத்து, திறந்த வெளியில் கையை நீட்டிச் செங்குத்து வட்டமாகச் சுழற்றுங்கள். தோளிலிருந்து நீர்வரை 90 சென்டிமீட்டர் என்றால், உச்சியில் நொடிக்கு 3 மீட்டர் வேகம் இருக்க வேண்டும். ஏறக்குறைய 2 நொடிக்கு ஒரு சுற்று என்ற வேகத்துக்குக் குறைந்தால் நீர் உங்கள் தலையில் கொட்டும். உங்கள் வாளியின் அளவுக்கு இதைக் கணக்கிட்டுக்கொண்டு, பிறகு சுழற்றிப் பாருங்கள். நீர் கொட்டாவிட்டால் உங்கள் கணக்குச் சரி என்று பொருள்!