கடலுக்குள் பாயும் மூடுபனி

ஜப்பானின் ஷிகோகு தீவில், ஹிஜி ஆறு செதோ உள்நாட்டுக் கடலில் கலக்கும் இடத்தில் உள்ளது நகஹாமா என்னும் சிற்றூர். அக்டோபர் முதல் மார்ச் வரையிலான குளிர் மாதங்களில், சில காலை வேளைகளில், இங்கே ஆற்றுநீருக்கு மேலே குளிர்காற்றும் மூடுபனியும் திரண்டு, விநாடிக்குப் பத்து மீட்டரையும் தாண்டும் வேகத்தில் கழிமுகத்தை நோக்கிப் பாய்ந்து, கடற்பரப்பின் மீது நெடுந்தொலைவு பரவுகின்றன. ‘ஹிஜிகவா அராஷி’ என்று இவ்வூரார் அழைக்கும் இந்நிகழ்வைக் காண்பதற்காகவே குளிர்காலத்தில் இங்கு வருவோர் உண்டு.

மத்சுயாமா நகரிலிருந்து யோசான் ரயில் பாதையின் பழைய கடலோரத் தடத்தில் வருபவருக்கு, ஷிமோநாடா நிலையத்தைக் கடக்கும் வரையில் வலப்புறம் தெளிந்த கடலும் மேகமற்ற வானமுமே தெரியும். இயோ-நகஹாமா நிலையத்தில் இறங்கி ஆற்றங்கரைக்கு நடந்து, 1935-இல் கட்டப்பட்ட சிவப்பு நிறத் தூக்குப் பாலத்தின் மீது ஏறினால், எதிர்க்கரை வெண்மைக்குள் மறைந்திருக்கும். உள்நாட்டுப் பக்கத்திலிருந்து வீசும் காற்று தொப்பியைப் பறிக்கும். பாலத்தின் இரும்புச் சட்டங்களிலும் நடப்பவரின் புருவ மயிரிலும் நுண்ணிய நீர்த்துளிகள் கோத்து நிற்கும்.

இதன் தொடக்கம் கழிமுகத்தில் இல்லை. ஆற்றின் மேற்புறத்தில், மலைகள் சூழ்ந்த ஓசு வடிநிலத்தில் இருக்கிறது. மேகமில்லாத நீண்ட குளிர்கால இரவில் தரை தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக வானில் இழந்து விரைவாகக் குளிர்கிறது. கதிர்வீச்சுக் குளிர்வு எனப்படும் இச்செயலால் தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, அடர்த்தி கூடி, சரிவுகளில் இறங்கி வடிநிலத்தில் தேங்குகிறது. 10 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 9.4 கிராம் நீராவியைத் தாங்கும் என்றால், 0 டிகிரியில் அதில் பாதி அளவே தாங்கும். எனவே காற்றிலுள்ள ஈரம் நீராவியாக நீடிக்க இயலாத வெப்பநிலை, அதாவது பனிநிலை, எட்டப்பட்டதும் மிகுதி நீராவி நுண்துளிகளாகி மூடுபனி பிறக்கிறது. காற்றைவிட வெதுவெதுப்பான ஆற்றுநீரிலிருந்து எழும் ஆவி அதற்கு மேலும் ஈரம் சேர்க்கிறது.

மலை சூழ்ந்த பள்ளங்களில் மூடுபனி தேங்குவது உலகெங்கும் காணக்கூடியதே. இங்கு வியப்புக்குரியது அது தேங்கி நில்லாமல் ஓடுவதுதான். 0 டிகிரியில் உள்ள காற்று 10 டிகிரிக் காற்றைவிடக் கன மீட்டருக்குச் சுமார் 45 கிராம் கனமானது. அற்பமாகத் தோன்றும் இவ்வேறுபாடு, வடிநிலம் முழுவதும் திரண்டு நிற்கும் காற்றில், வெதுவெதுப்பான கடற்காற்றை நோக்கித் தள்ளும் அழுத்தமாக மாறுகிறது. பெரும்பாலான ஆறுகள் கடலை நெருங்கும்போது அகன்ற சமவெளியில் விரிய, ஹிஜி ஆறோ இருபுறமும் மலைகள் நெருக்கும் குறுகிய பள்ளத்தாக்கு வழியாகவே கடலை அடைகிறது. அகன்ற இடத்தில் தேங்கியது குறுகிய வாயில் வழியே வெளியேற வேண்டியிருப்பதால் அதன் வேகம் பெருகுகிறது.

இதே நில அமைப்புக்கு மற்றொரு முகமும் உண்டு. 103 கிலோமீட்டர் நீளமுள்ள இவ்வாற்றின் ஊற்றுக்கும் கழிமுகத்துக்கும் நேர்கோட்டுத் தொலைவு 18 கிலோமீட்டர் மட்டுமே. அவ்வளவு வளைந்து சுற்றிப் பல திசைகளின் மழைநீரைச் சேர்த்துக்கொண்டு வருவதை ஓசு வடிநிலம் வாங்குகிறது, ஆனால் அதன் போக்குவழியோ குறுகியது. 2018 ஜூலையில் மேற்கு ஜப்பானைத் தாக்கிய பெருமழையில் ஓசு நகரின் பல பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கியதை இந்த அமைப்பைத் தவிர்த்து விளக்க இயலாது. மூடுபனியின் அழகை எழுதுவோர் இதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

எல்லாக் குளிர்கால இரவுகளும் இக்காட்சியைத் தருவதில்லை. வடமேற்குப் பருவக்காற்று வலுவாக வீசும் இரவில் காற்றடுக்குகள் கலைந்துவிடுகின்றன. மேகம் மூடிய இரவிலோ தரையின் வெப்பம் வெளியேறுவது தடைபடுகிறது. காற்று ஓய்ந்து, வானம் தெளிந்து, பகலுக்கும் இரவுக்கும் வெப்பநிலை பெரிதும் வேறுபடும் நாளுக்கு மறுநாள் காலையே ஏற்றது. நகஹாமாவிலிருந்து அதே ரயில் ஆற்றை ஒட்டியே மேலேறி, மூடுபனி வரும் திசைக்கு எதிராக, இயோ-ஓசு நிலையத்தை அடைகிறது. அங்கே 2004-இல் மரத்தாலேயே மீண்டும் கட்டப்பட்ட கோட்டையின் அடியில் வெயில் ஏறித் தரை சூடாகத் தொடங்கியதும், தேங்கிய குளிர்காற்று மேலுள்ள காற்றுடன் கலந்து கழிமுகக் காற்றும் தளர்ந்துவிடும் என்பதால், கடற்கரையையும் வடிநிலத்தையும் ஒரே காலையில் காண விரும்புபவர் முதலில் நகஹாமாவில் இறங்குவதே நல்லது.