கயிறும் பூவும் கல்லும்

"போனதை நினைக்காதே, மறந்துவிடு" என்று ஆறுதல் கூறுவது நம் வழக்கம். நல்லெண்ணத்தோடு சொல்வதுதான். ஆயினும் 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், காசிமேட்டில் கடல் பொங்கி வந்ததை நேரில் கண்ட என் ஆயாவுக்கு அந்த ஆறுதல் பலிக்கவில்லை. இன்றும் தெருவில் தண்ணீர் லாரி இரைந்தால் திடுக்கிட்டு எழுந்து நின்றுவிடுவார்.

இது ஏன்? சாதாரண நினைவு, பெட்டியில் மடித்து வைத்த சேலை போன்றது. என்று, எங்கே என்ற அடையாளத்தோடு இருக்கும். பேரச்சத்தில் பதிந்த நினைவோ இரைச்சல், வாடை, நடுக்கம் எனச் சிதறிக் கிடக்கும். ஓர் ஒலி கேட்டாலே போதும், அது இப்போதே நடப்பதாக உடல் எண்ணிவிடுகிறது.

சுனாமி வந்த சில வாரங்களில், இலங்கையின் வடகிழக்கில் ஒரு முகாமிலிருந்த 31 குழந்தைகளுக்கு, உள்ளூரில் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் இருவகைச் சிகிச்சை அளித்தனர். அக்குழந்தைகள் போரையும் கண்டவர்கள். ஒரு பிரிவினர் தம் கதையைச் சொன்னார்கள். இம்முறையில் தரையில் ஒரு கயிற்றை விரிப்பார்கள். அதுவே அப்பிள்ளையின் வாழ்க்கை. மகிழ்ந்த நாளுக்கு ஒரு பூ, துயர நாளுக்கு ஒரு கல். ஆலோசகர் அருகிலிருக்க, பிறந்த நாள் முதல் வரிசையாகச் சொல்லிவர வேண்டும். கல்லருகே வந்ததும் அவசரமில்லை. என்ன கேட்டது? கை நடுங்கியதா? அதன்பின் என்ன ஆயிற்று? இப்படி மெல்ல மெல்லச் சிதறியவை ஒன்றுசேர்ந்து, 'அது அன்று நடந்தது' என்றாகும். மற்றப் பிரிவினருக்குத் தியானமும் உடலைத் தளர்த்தும் பயிற்சியும் தரப்பட்டன.

இரண்டுமே ஆறு அமர்வுகள்தாம். ஆறு மாதம் கழித்து முதற்பிரிவில் 81 சதவீதத்தினரும் மற்றதில் 71 சதவீதத்தினரும் தேறியிருந்ததாக 2009இல் வெளியான ஆய்வு கூறுகிறது. சிகிச்சையே பெறாத பிரிவு ஒன்றையும் ஒப்பிட்டிருந்தால் நான் இன்னும் உறுதியாக நம்பியிருப்பேன்.

இதைப் படித்ததும் நானே ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு ஆயாவிடம் போக இருந்தேன். எங்கள் சிஸ்டர்தான் தடுத்தார். பயிற்சியில்லாதவர் கிளறினால் காயம் ஆழமாகுமாம். ஸ்டான்லி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு; 14416 என்ற எண்ணில் அரசின் இலவச ஆலோசனையும் கிடைக்கும். ஆயா சம்மதித்தால் அழைத்துப் போகலாம் என்றார். அதுவரை என் வேலை, கேள்வி கேட்காமல் பக்கத்தில் உட்காருவது.

அப்படியே உட்கார்ந்தேன். ஆயா கடலைப் பற்றிப் பேசவில்லை. அதற்கு முதல் நாள், பண்டிகைக்குச் சுட்ட அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோனதையும், தாத்தா அதையும் விடாமல் தின்றதையும் சொல்லிச் சிரித்தார்.