பத்து லட்சம் டாலர் ரசனைக் கணக்கு

2006 அக்டோபரில் அமெரிக்காவின் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் ஒரு போட்டியை அறிவித்தது. அப்போது அது டிவிடிகளைத் தபாலில் அனுப்பி வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தது. ஒரு வாடிக்கையாளர் ஒரு படத்துக்கு எத்தனை நட்சத்திரம் போடுவார் என்பதை, நிறுவனத்தின் சொந்த மென்பொருளைவிட 10 சதவீதம் துல்லியமாகக் கணிப்பவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு. சுமார் 4,80,000 பேர் 17,770 படங்களுக்குப் போட்டிருந்த பத்து கோடி மதிப்பீடுகள் போட்டியாளர்களுக்குத் தரப்பட்டன.

கணக்கின் அடிப்படை எளிது. உங்களுக்குப் பிடித்த இருபது படங்கள் இன்னொருவருக்கும் பிடித்திருந்தால், அவர் ரசித்து நீங்கள் பார்க்காமல் விட்ட படம் உங்களுக்கும் பிடிக்க வாய்ப்பு அதிகம். படத்தின் கதை என்ன, நடித்தவர் யார் என்பதெல்லாம் கணினிக்குத் தெரிய வேண்டியதில்லை.

பெரும்பாலான படங்களில் இது ஓரளவு பலித்தது. போட்டியாளர்களைத் திணறடித்தது, 2004-ல் வெளிவந்த ‘நெப்போலியன் டைனமைட்’ என்ற சிறிய நகைச்சுவைப் படம். பார்த்தவர்களில் ஒரு சாரார் ஐந்து நட்சத்திரம் போட்டார்கள். இன்னொரு சாரார் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். மற்ற படங்களில் ஒத்துப்போனவர்கள்கூட இதில் எதிரெதிராக நின்றார்கள்.

2009-ல் பல குழுக்கள் சேர்ந்து அமைத்த ஓர் அணி 10.06 சதவீதத்தை எட்டிப் பரிசை வென்றது. அதே அளவை எட்டிய மற்றோர் அணி, இருபது நிமிடம் பிந்தியதால் தோற்றது. ஆனால் வென்ற முறையை நெட்ஃபிளிக்ஸ் முழுமையாகப் பயன்படுத்தவே இல்லை. கூடுதலாகக் கிடைக்கும் துல்லியம், அதற்கான உழைப்புக்கு ஈடாகாது என்று பிற்பாடு விளக்கம் சொன்னது. இணையத்திலேயே படம் காட்டத் தொடங்கிய பிறகு, யார் எதைப் பார்த்தார்கள், எங்கே பாதியில் நிறுத்தினார்கள் என்பதே அதற்கு முக்கியத் தடயமாகிவிட்டது. 2017-ல் நட்சத்திரங்களையும் நீக்கிவிட்டுக் கட்டைவிரல் குறியைக் கொண்டுவந்தது.

பண்டோரா என்ற இசைச் சேவை வேறு வழியில் போனது. இசை தெரிந்தவர்கள் ஒவ்வொரு பாடலையும் காதால் கேட்டு, குரல், தாளம், வாத்தியம் என நூற்றுக்கணக்கான கூறுகளைக் குறித்துவைத்தார்கள். இதனால் யாரும் கேட்டிராத புதுப்பாடலுக்கும் இடம் கிடைத்தது.

நெட்ஃபிளிக்ஸில் பார்க்கப்படும் நேரத்தில் சுமார் 80 சதவீதம் பரிந்துரை வழியே வருவதாக அதன் அதிகாரிகள் 2015-ல் எழுதினார்கள். கண்முன் வைத்ததை மக்கள் பார்க்கிறார்கள் என்பதற்கு இது சான்று. பார்த்தவர்கள் திருப்தி அடைந்தார்கள் என்பதற்கு அல்ல.

ஏற்கெனவே பிடித்ததைப் போன்ற இன்னொன்று வேண்டுமென்றால் இச்சேவைகளைத் தாராளமாக நம்பலாம். வீட்டில் எல்லோரும் ஒரே கணக்கில் பார்ப்பதை விட்டு, ஆளுக்கொரு புரொஃபைல் வைத்துக்கொள்ளுங்கள். புது ருசி தேடும்போது மட்டும், விஷயம் தெரிந்த நண்பரிடம் கேளுங்கள்.