குத்தகை அண்ணன் பெயரில். தம்பிக்கு என்ன மிச்சம்?

டெல்டாவில் குத்தகை நிலம் உழும் குடும்பங்களில் திரும்பத் திரும்ப ஒரே கதைதான் நடக்கிறது. அப்பா பெயரில் குத்தகை இருக்கும். அவர் காலமானதும் மூத்த மகன் தாலுகா அலுவலகம் போய்க் குத்தகைப் பதிவேட்டில் தன் பெயரை மட்டும் ஏற்றிக்கொள்வார். "ஒண்ணாத்தானே இருக்கோம், அண்ணன் பேர்ல இருந்தா என்ன?" என்று தம்பிகள் விட்டுவிடுவார்கள். சில வருடங்கள் கழித்து நிலக்காரர் நிலத்தை விற்கப் புறப்படுவார். குத்தகையை விட்டுக்கொடுக்க ஒரு தொகை பேசி, பதிவேட்டில் பெயருள்ள அண்ணனிடம் கையெழுத்து வாங்கிவிடுவார். சம்பாவுக்கு நாற்று விட்டிருந்த தம்பி அதன் பிறகுதான் வக்கீலைத் தேடி ஓடுவார்.

கூட்டுக் குடும்பத்தில் யார் பெயரில் எது இருந்தாலும் அது எல்லோருக்கும் பொது என்று நம்மவர்கள் உறுதியாக நம்புகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. குடும்பம் பிரியாமல் இருக்கிறது என்பதாலேயே அதில் ஒருவர் பெயரில் உள்ள சொத்து பொதுச் சொத்தாகிவிடாது என்று ஸ்ரீனிவாஸ் கிருஷ்ணராவ் காங்கோ வழக்கில் உச்ச நீதிமன்றம் 1954-லேயே சொல்லிவிட்டது. பொது என்று சொல்பவர், அந்தச் சொத்தைத் தேடும் அளவுக்கு வருமானம் தந்த பூர்வீகச் சொத்து குடும்பத்துக்கு இருந்தது என்று முதலில் காட்ட வேண்டும். காட்டினால்தான், 'இது என் சொந்தச் சம்பாத்தியம்' என்று நிரூபிக்கும் பொறுப்பு எதிராளிக்குப் போகும். சொந்தமாக ஒரு குழி நிலம்கூட இல்லாத குத்தகைக் குடும்பம் எந்தப் பூர்வீகத்தைக் காட்டும்?

அப்பா காலத்துக் குத்தகை என்றால் நிலைமை கொஞ்சம் தேவலை. அண்ணன் குடும்பத்தின் சார்பாகத்தான் பெயரை ஏற்றினார் என்று வாதாட இடமிருக்கிறது. ஆனால் 1969-ஆம் ஆண்டு குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தின்படி, பதிவேட்டில் உள்ளது தவறு என்று நிரூபிக்கும்வரை அதுவே உண்மை. ஆகவே வாதாடி நிரூபிக்க வேண்டியவர், பெயரில்லாத தம்பிதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955-இல் வந்தது. அதன்படி, குத்தகைதாரர் இறந்தபின் அவருடைய வாரிசு சாகுபடி குத்தகைதாரராக வேண்டுமானால், அந்த வாரிசோ அவர் குடும்பத்தில் ஒருவரோ அந்த நிலத்தில் உடலுழைப்பைத் தர வேண்டும். வாரிசுச் சான்றிதழில் பெயர் இருந்தால் மட்டும் போதாது. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்ட தம்பி, பொங்கலுக்கு வந்து வரப்பில் நின்று பார்த்துவிட்டுப் பங்கு கேட்க முடியாது. மகள்களுக்கும் இதே அளவுகோல்தான். குத்தகை உரிமை யாருக்குப் போகும் என்று சொல்லும் தனிச் சட்டங்களை இந்து வாரிசுரிமைச் சட்டம் தொடாது என்றிருந்த 4(2) உட்பிரிவு 2005 செப்டம்பர் 9 முதல் நீக்கப்பட்டுவிட்டது. அதனால் பெண்பிள்ளைக்குக் குத்தகையில் பேச்சே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதே சமயம், அப்பாவின் நிலத்தில் நடவும் களையெடுப்பும் பார்த்துவரும் மகள் அதற்கான அத்தாட்சியைச் சேர்த்து வைக்காமல் இருக்கவும் கூடாது.

இனி செய்ய வேண்டியது. அப்பாவின் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் கைக்கு வந்த உடனே, 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவேட்டைத் திருத்தக் கோரி மனுப் போடுங்கள். மனு போக வேண்டிய இடம் அந்தச் சட்டப்படியான பதிவு அலுவலர். கிராம நிர்வாக அலுவலரிடம் வாயால் சொல்லிவிட்டு வந்தால் அது மனு ஆகாது. 'பட்டா மாறுதல்' என்று எழுதிக்கொடுக்காதீர்கள். பட்டா நிலக்காரருடையது, உங்கள் மனு பத்து வருடம் மேசை மேசையாகச் சுற்றும். நிலத்தின் சர்வே எண், பரப்பு, நிலக்காரர் பெயர், சாகுபடி செய்யும் வாரிசுகள் எல்லோருடைய பெயர் ஆகியவற்றை மனுவில் எழுதுங்கள். கூடவே குத்தகை ரசீதுகள், சாகுபடி செய்பவர் பெயர் காட்டும் அடங்கல் நகல், கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன் தாள், பயிர்க் காப்பீட்டு ரசீது, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டதற்கான சீட்டு என்று இருப்பதையெல்லாம் இணையுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அந்த அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள். 'அப்புறம் வாங்க' என்பார்கள். அப்புறம் போனால் 'எந்த மனு?' என்பார்கள். நேரில் வாங்க மறுத்தால் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

விசாரணைக்கு நோட்டீஸ் வந்தால் போய்த்தான் ஆக வேண்டும். நெல் அறுப்பு என்று சொல்லிப் போகாமல் இருந்துவிட்டு, எதிர்த்தரப்பு சொன்னதை மட்டும் கேட்டு உத்தரவு போட்டுவிட்டார்கள் என்று பிறகு புலம்புகிறவர்கள் ஏராளம். உத்தரவு பாதகமாக இருந்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதற்கும் மேலே மாவட்ட அளவில் சீராய்வு. இந்தப் படிகளை விட்டுவிட்டு நேராக முனிசீப் கோர்ட்டில் 'நானே குத்தகைதாரர் என்று அறிவிக்க வேண்டும்' என்று வழக்குப் போடுவது வீண்செலவு. பதிவு அலுவலர் முடிவு செய்ய வேண்டிய விஷயத்தில் உரிமையியல் நீதிமன்றம் தலையிடுவதை 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16-ஏ பிரிவு தடுக்கிறது.

குத்தகையை ரசீது இல்லாமல் அளக்கவே அளக்காதீர்கள். நிலக்காரர் ரசீது தர மறுத்தாலோ நெல்லை வாங்கிக்கொள்ள மறுத்தாலோ, வருவாய் நீதிமன்றத்தில் கட்டிவிட 1955-ஆம் ஆண்டுச் சட்டம் வழி தந்திருக்கிறது. பாக்கி நின்றால் வெளியேற்ற அதுவே காரணம். அண்ணன் கொடுத்துவிடுவார் என்று இருக்காதீர்கள். அவர் கொடுத்தாலும் ரசீது அவர் பெயரில்தான் வரும், நாளைக்கு அவருடைய சாட்சியமாகத்தான் நிற்கும். உங்கள் பங்கு நெல்லுக்கு உங்கள் பெயரிலேயே ரசீது கேளுங்கள்.

சகோதரர்கள் ஸ்டாம்ப் பேப்பரில் 'நீ மூணு மா, நான் மூணு மா' என்று எழுதிப் பிரித்துக்கொள்வதும் உண்டு. பதிவேடு அண்ணன் பெயரிலேயே இருக்கும்வரை அந்தக் காகிதம் நிலக்காரரைக் கட்டுப்படுத்தாது. பிரித்துக்கொண்டதை வைத்தே திருத்த மனுவும் போடுங்கள். சம்மதம் என்று பதிவு அலுவலர் முன் வாக்குமூலம் தரும்படி அண்ணனிடம் கேளுங்கள். உறவு நன்றாக இருக்கும்போது கேட்டால்தான் தருவார்.

கோயில் நிலமானால் பதிவேட்டோடு வேலை முடியாது. கோயில் செயல் அலுவலரிடமும் குத்தகைப் பெயர் மாற்றத்துக்கு எழுதிக்கொடுத்து, கோயில் கணக்கில் ஏறியதா என்று பார்க்க வேண்டும். பொது அறக்கட்டளை நிலங்களுக்கு 1961-இல் வந்த தனிச் சட்டம் இருக்கிறது. உங்கள் பங்கை வெளியாளிடம் உள்குத்தகைக்கு விட்டால், நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் கோயிலுக்கு நீங்களே காரணம் கொடுத்ததாகிவிடும்.