கைராசி இல்லையா? விதையைக் கவனியுங்கள்!

எனக்குக் கல்யாணமாகி ஏழு வருஷமாகிறது. இன்னும் குழந்தை இல்லை. இந்த நிலையில், மொட்டைமாடித் தொட்டியில் நான் போட்ட கொத்தமல்லி மூன்று முறையும் முளைக்காமல் போனது வீட்டில் எவ்வளவு பெரிய பேச்சாகியிருக்கும் என்பதைத் தோழிகள் புரிந்துகொள்வீர்கள்.

பங்குனி, சித்திரை, வைகாசி என்று மூன்று மாதமும் போட்டுப் பார்த்தேன். பக்கத்துத் தொட்டியில் என் மாமியார் தூவிய வெந்தயம் மூன்றே நாளில் முளைத்து நின்றது. என் தொட்டியில் வெறும் மண்தான். ஆறாம் நாள் பொறுக்க முடியாமல் கிளறியும் பார்த்து விட்டேன். ஒருநாள் வந்திருந்த உறவுக்காரர்கள் முன்னால், "சில பேர் கையால எது போட்டாலும் தங்காது" என்றார் அத்தை. அவர் மல்லியை மட்டும் சொல்லவில்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். சமையலறைக்குள் போய் அழுது தீர்த்தேன்.

எங்கள் தெருவுக்கு வரும் கீரைக்காரம்மாவிடம்தான் மனசு பொறுக்காமல் சொன்னேன். "எப்படிப் போட்ட தாயி?" என்றார். "டப்பாவில் இருந்த மல்லியை அப்படியே தூவினேன்" என்றேன். சிரித்துவிட்டார். "முழு மல்லிய அப்படியே போட்டா எப்படி மொளைக்கும்? ரெண்டா ஒடைச்சு, ராத்திரி பூரா ஊறப்போட்டுல்ல வெதைக்கணும்! அதுவும் இந்தக் கோடையில! இதுல உன் கை என்ன பண்ணும்?"

எதிர் வீட்டில் விவசாயப் படிப்பு படிக்கும் பெண்ணிடம் காரணம் கேட்டேன். நாம் ஒரு விதை என்று நினைக்கும் உருண்டை மல்லி, உண்மையில் இரண்டு விதைகள் ஒட்டியிருக்கும் காய்ந்த காயாம். மேல்தோலில் முளைப்பதைத் தடுக்கும் பொருட்களும் இருக்கின்றனவாம். மண் 30 டிகிரிக்கு மேல் சூடானாலும் முளைப்பு குறைந்துவிடும். கேரட், சோம்பு, சீரகம் எல்லாம் இதே குடும்பம்தான். மல்லி மாதிரியே இருக்கும் பார்ஸ்லி முளைக்க மூன்று, நான்கு வாரம்கூட ஆகுமாம். வெந்தயம் வேறு குடும்பம். அதோடு போட்டியே போடக்கூடாது!

ஐப்பசியில் நான் செய்தது இதுதான்:

* அந்த வருஷத்துப் புது மல்லியாக வாங்கினேன். பழசானால் முளைப்புத் திறன் போய்விடும். சந்தேகமிருந்தால், உடைத்த 20 விதையை ஈரத்துணியில் முடிந்து வைத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் முளைவிட்டால் விதைக்கலாம்.

* மல்லியைத் துணியில் பரப்பி, பூரிக்கட்டையால் லேசாக உருட்டினேன். இரண்டாகப் பிரிந்தால் போதும், நொறுங்கக் கூடாது.

* 12 மணி நேரம் ஊறவைத்து, நிறம் மாறிய அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நல்ல தண்ணீரில் அலசினேன்.

* அரை அங்குல ஆழத்தில் விதைத்து, நிழலான இடத்தில் ஈரச்சாக்கு மூடி வைத்தேன். தினமும் தண்ணீர் தெளித்தேன், தேங்கவிடவில்லை. முளை தெரிந்ததும் சாக்கை எடுத்துவிட வேண்டும்.

* இரண்டு வாரம் வரை மண்ணைக் கிளறவே இல்லை!

பதினோராம் நாள் காலை, தொட்டி முழுக்கப் பச்சை தெரிந்தது. பிடுங்கி வேறிடத்தில் நடாமல் அங்கேயே வளர விட்டேன். நாற்பது நாள் கழித்து அத்தையே மேலே போய் ஒரு கைப்பிடி பறித்து வந்து ரசத்தில் போட்டார். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால், அந்த 'கை' பேச்சு அதன்பிறகு எங்கள் வீட்டில் எழவில்லை.

தோழிகளே, உங்கள் தொட்டியில் மல்லி முளைக்கவில்லையா? உங்கள் கையை நொந்துகொள்ளாதீர்கள். பூரிக்கட்டையை எடுங்கள்!

- ஒரு வாசகி, மதுரை.